மாலை போட்டு அனுப்புகிறோம், பிறகு?



ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர் சேர்க்கை தொடங்கும் வேளையில், எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் ஒரு சிறு விழா நடைபெறும். உயர்கல்விக்கூடங்களில் இடம் கிடைத்த பிள்ளைகளை மேடையேற்றி, மாலை அணிவித்து, ஆளுக்கு இருநூறு வெள்ளியை உறையிலிட்டுக் கொடுப்போம். பெற்றோர் கண்கலங்குவர். படம் எடுத்துக்கொள்வோம். பிறகு எல்லாருக்கும் மீகூனும் தேநீரும் உண்டு.

பல ஆண்டுகளாக அந்த மேடையில் வாழ்த்துரை வழங்கி வருபவன் நான். "இடம் கிடைத்துவிட்டது, இனி உங்களுக்கு வெற்றிதான்!" என்று முழங்குவேன். கைத்தட்டல் கிடைக்கும். மனநிறைவோடு வீடு திரும்புவேன்.

அந்த உரையை இனிமேல் நிகழ்த்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. தந்தை லாரி ஓட்டுகிறார். தாயார் தொழிற்சாலை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தாள். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் அனைத்தும் 'ஏ'. எஸ்.பி.எம். தேர்விலும் சிறந்த அடைவுநிலை. மெட்ரிகுலேஷன் முடித்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில இடம் பெற்றாள். எங்கள் மண்டபத்தில் அவளுக்கு மாலை அணிவித்தவனும் நானே.

முதல் பருவம் முடிந்த சில நாட்களில், இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். சிறிது நேரம் பேசவேயில்லை. பின்பு, "ஐயா, ஏசமாட்டீங்கதானே?" என்றாள். இரண்டு பாடங்களில் தோல்வி. சராசரிப் புள்ளி 1.87. முடிவு வந்து ஒன்பது நாட்கள் ஆகியும் வீட்டில் சொல்லவில்லை. 'இன்னும் வரவில்லை' என்று கூறி வந்திருக்கிறாள். துணிமணிகளை எடுத்து வைத்தாயிற்றாம். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சிற்றன்னையிடம் போய்விடலாமா, போய்விட்டால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதே அவள் என்னிடம் கேட்க வந்த கேள்வி.

படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடனைச் செலுத்தியே ஆகவேண்டும் என்றேன். "முதலில் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே" என்றும் கேட்டேன்.

"எப்படி ஐயா சொல்றது? அன்றைக்கு மேடையில நீங்கதானே சொன்னீங்க, இனி வெற்றிதான்னு. அம்மா அதையே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காங்க."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நன்றாகப் படித்த பிள்ளை ஏன் விழுகிறது?

'தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வளவுதான் முடியும்' என்று யாரேனும் நினைத்தால் அது பெரும் பிழை. அவளுடைய அறிவில் குறையில்லை. அவள் போய்ச் சேர்ந்த இடத்தின் நடைமுறையை அவளுக்கு யாருமே விளக்கவில்லை. அதுதான் குறை.

முதலில் நேரம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். வாரத்திற்கு மூன்று மணி நேர விரிவுரை என்று கொண்டாலும், 14 வாரங்களில் 42 மணி நேரம்தான் ஆகும். எஞ்சிய 78 மணி நேரம்? அது நூலகத்திலும் அறையிலும் மாணவர் தாமே படிக்க வேண்டிய நேரம். ஒரு பருவத்தில் 18 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 720 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்து ஏறத்தாழ 18 வாரங்களுக்கு அதனைப் பகிர்ந்து பாருங்கள்: வாரத்திற்கு 40 மணி நேரம். முழுநேர வேலைக்குச் சமம்!

ஆனால், புதிதாய்ச் செல்லும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதென்ன? கால அட்டவணையில் நிறைய வெற்றுக் கட்டங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு விரிவுரை; அடுத்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. பள்ளியில் மணியடித்தால் அமரவும் மணியடித்தால் எழவும் பழகிய பிள்ளை அந்த வெற்றுக் கட்டத்தை ஓய்வு என்று எண்ணிவிடுகிறது. 'அது ஓய்வன்று, அதுதான் படிப்பு' என்று சொல்ல அங்கே ஆசிரியர் இல்லை. என் மாணவி நாள்தோறும் விரிவுரைக்குச் சென்றிருக்கிறாள். ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. "ஒழுங்காகத்தானே ஐயா போனேன்" என்றாள். பள்ளியில் அது போதுமானதாக இருந்தது. அங்கே போதவில்லை.

அடுத்தது மொழி. நம் பிள்ளை தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரையின் முன் அமர்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று மொழிகளில் மூன்று உலகங்கள்! 1999-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் மூவெட் ஆங்கிலத் தேர்வில் ஓரளவு தேறியிருந்தாலும், ஐம்பது பக்கப் பாடத்தை ஒரே வாரத்தில் ஆங்கிலத்தில் படித்து முடிப்பது வேறு வகையான உழைப்பு. மும்மொழி அறிந்திருப்பது வலிமைதான், ஐயமில்லை. எனினும், முதல் பருவத்தில் அது பாரமாகவே தோன்றும்.

மூன்றாவது பணம். கடனுதவி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால், முதல் பருவத்தில் ஒப்பந்தப் பத்திரங்கள் முடிந்து பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். தகுதி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்பணம் பெறும் வாய்ப்பும் உண்டு. அதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் விடுதிக் கட்டணம், நூல், கையடக்கக் கணிப்பான், பேருந்துச் செலவு என்று எல்லாம் வந்து நிற்கும். என் மாணவி அந்த வாரங்களில் பசியாறாமல் வகுப்புக்குச் சென்றிருக்கிறாள். நாங்கள் கொடுத்த இருநூறு வெள்ளி பதிவு நாளிலேயே தீர்ந்துவிட்டதாம்.

இவை மூன்றும் கடினமானவை. எனினும் உயிர்ப்பிரச்சினை நான்காவது. பிள்ளை தடுமாறும்போது அதை வாய்விட்டுச் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை.

என் கதை

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை.

1991-ஆம் ஆண்டு நானும் ஒரு பல்கலைக்கழகத்திற்குப் போனேன். அப்பா பால்மரம் வெட்டுபவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி, ஆறாம் படிவம் என்று படியேறி வந்தவன் நான். எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள். இரண்டு பேருந்து மாறி அப்பா கூட வந்தார். என் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

விரிவுரை மலாயில். நூலகத்திலோ ஆங்கில நூல்கள். பொருளியல் பாடத்தில் முதல் வாரமே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள், நானும் தலையாட்டினேன். இரண்டாம் வாரமும் அப்படியே. பருவம் முழுவதும் தலையாட்டி, இறுதியில் அந்தப் பாடத்தில் தோற்றேன்.

வீட்டிற்குச் சொல்லவில்லை. ஆனால், அக்காலத்தில் தேர்வு முடிவு வீட்டு முகவரிக்குக் கடிதமாக வரும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்குப் போயிருக்கிறார். மகன் தோற்ற செய்தியைக் கிராணியார் வாய்வழியாகத்தான் அவர் கேட்டார். அங்கே வேறு சிலரும் இருந்தார்களாம்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது என்ன சொல்வாரோ என்று நடுங்கினேன். அவர் ஏசவில்லை. இரவு உணவுக்குப் பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புரியலன்னா யாருகிட்டப்பா கேப்ப?"

என்னிடம் மறுமொழி இல்லை. பல்கலைக்கழகத்தில் எவரையும் நான் கேட்டதில்லை. கேட்டால் 'இவனுக்குத் தெரியாது' என்று மற்றவர்க்குத் தெரிந்துவிடுமே!

அடுத்த பருவத்தில் நான் கேட்ட முதல் ஆள் என் அறைத்தோழர். கிளந்தானைச் சேர்ந்த மலாய் மாணவர். அவரும் அதே பாடத்தில் தோற்றிருந்தார், அவரும் தலையாட்டியவர்தான்! இருவரும் ஓர் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கில நூலைப் படித்தோம். தொடக்கத்தில் ஒரு பக்கத்திற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பருவ இறுதியில் பத்து மணித்துளிகள். அந்தப் பாடத்தை மறுமுறை எழுதித் தேறினோம். அவர் இல்லையேல் நான் இன்று ஆசிரியனாக இருந்திருக்க மாட்டேன்.

"நாங்களெல்லாம் தாண்டி வரவில்லையா?"

இதைச் சொன்னால் சில பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "நாங்களெல்லாம் கைத்தொலைபேசியும் கணினியும் இல்லாமல் படித்துத் தாண்டி வரவில்லையா? இக்காலப் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பதால்தான் இப்படி. விழட்டும், தானே எழுவார்கள்" என்கின்றனர்.

இக்கூற்றில் ஓர் உண்மை உண்டு. விழாமல் நடை பழகியவர் எவருமில்லை. பிள்ளையின் இடுபணியைப் பெற்றோர் செய்து தரவேண்டும் என்றோ, விரிவுரையாளரைத் தொலைபேசியில் அழைத்து வாதாட வேண்டும் என்றோ நான் கூறவில்லை. அது பிள்ளையை முடமாக்கும்.

ஆனால், 'தாண்டி வந்தோம்' என்று சொல்பவர்கள் யார்? தாண்டி வந்தவர்கள் மட்டுமே. என்னுடன் அந்த ஆண்டு சேர்ந்த தமிழ் மாணவர்களில் இருவர் முதலாம் ஆண்டிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயினர். யாரிடமும் விடைபெறவில்லை. அவர்களை எந்த மண்டபமும் மேடையேற்றிக் கருத்துக் கேட்டதில்லை. வென்றவர் வாய்மொழியை மட்டும் கேட்டுக்கொண்டு, 'வழியில் பள்ளம் இல்லை' என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

இன்னொரு வகைப் 'பயிற்சி'யையும் கண்டிக்க வேண்டும். மூத்த மாணவர் சிலர், இன ஒற்றுமை என்ற பெயரில் புதியவர்களை நள்ளிரவில் கூட்டி நிறுத்தி மிரட்டும் பகடிவதையைச் சொல்கிறேன். பல்கலைக்கழக விதிகளின்படி அது குற்றம். 'தம்பி, தங்கை' என்று அழைத்துவிட்டு அச்சுறுத்துவது எந்த ஊர்ப் பண்பாடு? அதே மூத்த மாணவர்கள் பழைய குறிப்பேடுகளைத் தந்து, எந்தப் பாடத்தை முதல் பருவத்தில் எடுக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு தலைமுறையே நிமிர்ந்துவிடும். அவ்வாறு செய்யும் நல்ல அண்ணன்மார், அக்காமார் பலர் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கங்களிலும் பேரவைகளிலும் அவர்களைக் காணலாம். புதியவர்கள் நாடவேண்டியது அவர்களைத்தான்.

என் பங்குப் பிழை

பிறரைக் குறை சொல்லும் முன் என் தொழிலையும் நோக்குகிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டு அகற்றப்படும் வரை, ஆறாம் ஆண்டு ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? கடந்த ஆண்டு வினாத்தாள்களை அடுக்கினோம். மாதிரி விடைகளை மனனம் செய்வித்தோம். மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை வகுப்பு! 'ஏ'க்களின் எண்ணிக்கை உயர்ந்தது; நாளேடுகளில் படம் வந்தது.

அந்த ஆறாண்டுகளில், "ஐயா, எனக்கு இது விளங்கவில்லை" என்று துணிந்து சொன்ன பிள்ளையை ஒரு முறையாவது வகுப்பின் முன் பாராட்டியிருக்கிறேனா? நினைவில் இல்லை. 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. என் மாணவி ஒன்பது நாட்கள் தோல்வியை மறைத்து வைத்தாளே, அந்தப் பாடத்தை அவளுக்குக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன்.

என்ன செய்யலாம்?

வெறுமனே புலம்பிப் பயனில்லை. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறேன்.

பெற்றோருக்கு: தொலைபேசியில் 'நன்றாகப் படிக்கிறாயா?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'ம்' என்ற ஒரே விடைதான் உண்டு. 'இந்த வாரம் எது கடினமாக இருந்தது? அதைப் பற்றி யாரிடம் கேட்டாய்?' என்று கேளுங்கள். நீங்கள் பள்ளி வாசலையே மிதிக்காதவராக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். என் அப்பா கேட்டார்.

மாணவர்களுக்கு: பருவத் தொடக்கத்தில் தரப்படும் பாடத்திட்டத் தாளை முழுமையாகப் படியுங்கள். எந்த இடுபணிக்கு எத்தனை விழுக்காடு என்று அதிலேயே இருக்கும். உங்களுக்கென்று ஒரு கல்வி ஆலோசகரை நியமித்திருப்பார்கள். முதல் மாதத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள். பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் தொடக்க வாரங்களில் மட்டுமே வாய்ப்பு உண்டு. அந்த நாள் கடந்தபின் அழுவதில் பயனில்லை. மனம் மிகச் சோர்ந்தால் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது பைத்தியம் பிடித்தவர்களுக்கான இடமன்று. சராசரி 2.00-க்குக் கீழே போனால் உலகம் முடிந்துவிடாது. மிகத் தாழ்ந்துவிடாத வரை, பெரும்பாலும் நிபந்தனையோடு அடுத்த பருவம் தொடர விடுவார்கள். அதை மறைத்துவிட்டு அடுத்த பருவமும் அப்படியே இருந்தால்தான் கதவு மூடப்படும்.

சங்கங்களுக்கும் கோயில் நிருவாகத்தினருக்கும்: அந்த இருநூறு வெள்ளியை இரண்டாகப் பிரியுங்கள். நூறு வெள்ளியை மேடையில் கொடுங்கள். மற்ற நூறு வெள்ளியைப் பருவத்தின் ஏழாவது வாரத்தில் கொடுங்கள். கொடுக்கும் சாக்கில் பிள்ளையோடு அரை மணி நேரம் பேசுங்கள். ஏழாவது வாரத்தில்தான் பணமும் தீர்ந்திருக்கும், முதல் இடைத்தேர்வும் வந்திருக்கும், வீட்டு நினைவும் வாட்டும்.

1950-களில், சிங்கப்பூரில் அப்போது இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நல்லதோர் இடம் வேண்டும் என்று நம் முன்னோர் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற முழக்கத்தோடு நிதி திரட்டினர். கோ. சாரங்கபாணி தம் 'தமிழ் முரசு' நாளேட்டின்வழி அதற்கு முன்னின்றார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை அங்கே தொடங்கியது. கொடுத்தவர்களில் மிகப் பலர் பல்கலைக்கழகத்தைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். பார்த்திராத நூலகத்திற்கு வெள்ளி கொடுத்த சமூகம் நாம். நம் கண்முன்னே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பையா கொடுக்க முடியாது?

முடிவாக...

என் மாணவி சிங்கப்பூர் போகவில்லை. மறுநாள் அவளே தாயிடம் சொன்னாள். தாயார் அழுதாராம், பிறகு, "சாப்பாட்டுக்குக் காசு இல்லன்னு ஏன்டி சொல்லல?" என்றுதான் முதலில் கேட்டாராம். அதற்கடுத்த வாரம் அவள் கல்வி ஆலோசகரைப் பார்த்தாள். இரண்டாம் பருவத்தில் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாள். அப்பருவத்தில் அவள் பெற்ற புள்ளி 2.41. எந்த மேடையிலும் கைத்தட்டல் பெறாத எண். ஆயினும் என் மேசைக் கண்ணாடியின் கீழ் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வாண்டு விழாவில் அவளைப் பேச அழைக்கலாம் என்று நிருவாகத்தினரிடம் கேட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள், அவர்கள் இன்னும் ஒப்பவில்லை. "நல்ல நேரத்தில் தோல்விப் பேச்சு எதற்கு, ஆசிரியரே?" என்கிறார் தலைவர். அவரைக் குறை கூறமாட்டேன். நேற்றுவரை நானும் அப்படித்தானே நினைத்தேன். உறையை இரண்டாகப் பிரிப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்.

அதற்காகக் காத்திருக்க முடியாது. இவ்வாண்டு எங்கள் வட்டாரத்திலிருந்து பதினொரு பிள்ளைகள் போகிறார்கள். இரண்டு பழைய மாணவர்கள் ஆளுக்கு நால்வரை எடுத்துக்கொண்டார்கள். எஞ்சிய மூவரின் தொலைபேசி எண்கள் என்னிடம் இருக்கின்றன. நாட்காட்டியில் ஏழாவது வாரத்தைச் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். அழைத்து, அப்பா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்.

உங்கள் வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகள்?